அரசாங்க சபையிலே பள்ளிக்கூடமும் மின்நிலையமும்: 1931–1947

இலங்கையிலே பாடசாலைக் கட்டணம் 1945 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதலாந் திகதி முதல் நீக்கப்பட்டது. இலக்சபானா நீர்மின் நிலையம் 1950 ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கியது. ஐந்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டின் தோற்றத்தையும் நோக்கினால் வரிசை தலைகீழாகிவிடுகின்றது. மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியைக் கொண்டு மின்வலுப் பிறப்பிக்கலாம் என்ற யோசனை 1918 ஆம் ஆண்டிலேயே கணக்குகளுடன் எழுத்தில் முன்வைக்கப்பட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக வேண்டும் என்ற யோசனையோ 1940 இன் பின்னரே ஒரு விசேட குழுவின் முன் வந்தது. முதலாவது யோசனை நிறைவேற முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன; இரண்டாவதற்கு ஐந்தாண்டுகள் போதுமாயிருந்தன. பிந்திப் பிறந்தது முந்தி நிறைவேறியமைக்கான காரணத்தை அமைச்சர்களின் தனித்திறமையில் மாத்திரம் தேடுவோர் பாதி விடையையே காண்பர். மற்றப் பாதி, அக்காலத்து அரசாங்க சபை எவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது, அதன் கையிலே எப்பணம் இருந்தது, எப்பணம் இருக்கவில்லை என்பவற்றில் அடங்கியுள்ளது.

டொனமூர் ஆணைக்குழுவின் விதப்புரைகளின்படி 1931 ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்ற அரசாங்க சபை, குடியேற்ற நாடுகளின் வரலாற்றிலே ஒரு புதுமை. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஐம்பதின்மர்; நியமன உறுப்பினர் எண்மர்; இவர்களுடன் பிரதம செயலாளர், நிதிச் செயலாளர், சட்டச் செயலாளர் என்னும் அரசாங்க அலுவலர் மூவர். சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்தது, அத்தலைவரே அமைச்சர். கட்சி இல்லை, பிரதமர் இல்லை, கூட்டுப் பொறுப்பும் மிகச் சொற்பம். ஆண்டு வரவு செலவு மதிப்பீட்டின்போது மாத்திரமே அமைச்சர் எழுவரும் அலுவலர் மூவரும் ஒரு சபையாகச் சேர்ந்து நின்றனர்.

இவ்வமைப்பின் விளைவு ஒன்றை அக்கால விமரிசகர்களே எடுத்துக் கூறினர். ஒவ்வொரு குழுவும் தன் துறையை ஒரு தனி அரசாகவே நடத்திற்று. கல்விக் குழு கல்விக்காகவும், விவசாயக் குழு விவசாயத்துக்காகவும் பணம் கேட்டன. நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் ஒரே நோக்கில் எடுத்து, இதற்கு முன் இது, இதனோடு சேர்த்து அது என்று முறை வகுக்கும் பொறுப்பு எவரிடத்தும் இருக்கவில்லை. மின்வலு போக்குவரத்து, பொதுவேலைக் குழுவின் கீழிருந்தது. அம்மின்வலுவை உபயோகிக்கவேண்டிய கைத்தொழில் தொழில், கைத்தொழில், வர்த்தகக் குழுவின் கீழிருந்தது. அக்கைத்தொழிலுக்கு ஆட்களைப் பயிற்றவேண்டிய பாடசாலை கல்விக் குழுவின் கீழிருந்தது. பணப்பெட்டியின் திறவுகோலோ சபைக்குப் பொறுப்புக் கூறாத நிதிச் செயலாளரிடம் இருந்தது. 1945 இல் ஒலிவர் குணதிலக்கா அப்பதவியை ஏற்கும் வரை அது ஆங்கிலேய உத்தியோகத்தரின் கையிலேயே இருந்து வந்தது.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை ஒரு விடயத்தைக் குறிப்பிடாது செல்லல் இயலாது. பூரண சுயாட்சி கிட்டவில்லை என்னும் காரணத்தால் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிநடத்திய வாலிபர் காங்கிரசு 1931 ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கிலே நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. 1934 வரை அவை நிரப்பப்படவில்லை. குழுக்கள் கூடித் தம் வழக்கங்களை வகுத்துக்கொண்ட முதல் மூன்றாண்டுகளிலே வடபகுதியின் குரல் சபையில் இருக்கவில்லை. கொள்கை அளவிலே பகிஷ்கரிப்புத் தூயது. அரசியல் அளவிலே அதன் விலை பெரிது. 1936 இல் இரண்டாவது சபை கூடியபோது அமைச்சர் எழுவரும் சிங்களவராகவே தெரிவாயினர். 1942 இல் அருணாசலம் மகாதேவா உள்நாட்டு அமைச்சரான பின்னரே இந்நிலை சிறிது மாறிற்று.

சபை பதவியேற்ற வேளை பொருளாதார மந்தத்தின் நடுவேளையாக அமைந்தது. நாட்டின் வருவாய் தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்று பயிர்களின் ஏற்றுமதியையும், அவ்வேற்றுமதியால் வாங்கப்பெற்ற இறக்குமதிப் பொருள்களின் தீர்வையையும் நம்பியிருந்தது. உண்ணும் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. தேயிலை விலையும் இறப்பர் விலையும் வீழ்ந்தபோது வருவாயும் உடன் வீழ்ந்தது. 1932 இலே வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டதற்கு இதுவே பின்னணி. 1934–35 இல் வறட்சியைத் தொடர்ந்து பரவிய மலேரியாக் காய்ச்சல் எண்பதினாயிரம் பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. பட்டினியால் மெலிந்த உடல்களையே நோய் எளிதில் வீழ்த்தியது என்பதனால், மருத்துவப் பிரச்சினையாகத் தொடங்கிய விவாதம் விரைவிலே பொருளாதார விவாதமாயிற்று. நிவாரண வேலையில் ஈடுபட்ட இளைஞர் பலர் 1935 இல் லங்கா சமசமாசக் கட்சியை நிறுவினர். அடுத்த ஆண்டிலே அவர்களுள் பிலிப் குணவர்த்தனா அவிசாவளையிலிருந்தும், என்.எம். பெரேரா றுவான்வெலையிலிருந்தும் சபைக்கு வந்தனர். பொருளாதாரத்தைப் பற்றிச் சபை பேசிய முறை அதன்பின் மாறிற்று என்பதில் ஐயமில்லை.

எனினும் சபையின் பொருளாதாரச் சிந்தனையிலே மேலோங்கி நின்றது நிலமே. விவசாய, காணி அமைச்சர் டீ.எஸ். சேனநாயக்காவின் முயற்சியால் 1935 இலே காணி அபிவிருத்திச் சட்டம் நிறைவேறியது. மின்னேரியா முதலிய வரண்ட வலயக் குடியேற்றங்கள் வளர்ந்தன. பழைய குளங்களைத் திருத்தி விவசாயியை மீண்டும் வயலில் இருத்துவது அத்திட்டத்தின் சாரம். சேனநாயக்கா அதனை முழு மனத்துடன் நம்பினார். குளமும் வயலும் வாக்காளருக்கும் எளிதில் விளங்கும். கைத்தொழிலுக்கு அத்தகைய மெய்ந்நம்பிக்கையுள்ள காவலர் சபையிலே அரிதாகவே இருந்தனர். 1934 இல் அமைக்கப்பட்ட வங்கி ஆணைக்குழுவின் பயனாக 1939 இல் இலங்கை வங்கி தோன்றிற்று. அதற்கு முன்னர் உள்நாட்டு வணிகனொருவன் ஆங்கில வங்கியொன்றிலே கடன் பெறுதல் எவ்வளவு அருமை என்பதை நோக்க, இது சிறிய காரியமன்று. ஆனால் வங்கி வந்தது, ஆலைகள் வரவில்லை. ஜீ.சீ.எஸ். கொறயா அமைச்சராயிருந்த காலத்தில் யுத்தத்தின் நெருக்கடியால் ஒட்டுப்பலகை, தோல், கண்ணாடி, கடதாசி முதலியவற்றைச் செய்யும் சில அரசாங்கத் தொழிற்சாலைகள் தொடங்கப்பட்டன; இறக்குமதி மீண்டும் திறந்ததும் அவற்றுட் பல நிலைக்கவில்லை.

மின்வலு விவாதத்தை இச்சூழலிலேயே வைத்து நோக்குதல் வேண்டும். அதன் மையத்தில் நின்றவர் டீ.ஜே. விமலசுரேந்திரா. காலியைச் சேர்ந்த இவர் பொதுவேலைப் பகுதியிலே பொறியியலாளராகப் பணியாற்றியவர். நுவரெலியாவுக்கு அண்மையில் பிளக்பூல் என்னுமிடத்திலே சிறிய நீர்மின் நிலையமொன்றை 1912 அளவிலேயே அமைத்துக் காட்டினார். 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின்முன், இந்நாட்டின் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றிய கட்டுரையொன்றைப் படித்தார். களனி கங்கையின் தலையாறுகளாகிய கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் அபர்டீன், இலக்சபானா நீர்வீழ்ச்சிகளின் அருகே குறுகிய தூரத்திற் பேராழத்துக்கு இறங்குகின்றன. அவ்விறக்கத்தை மின்வலுவாக மாற்றலாம் என்பது அவரது கூற்று. கட்டுரையின் தலைப்பிலேயே பொருளாதாரம் என்னுஞ் சொல் இடம்பெற்றது தற்செயலன்று. நகரத்து வீதிகளுக்கு விளக்கேற்றுவதோடு அவர் நின்றுவிடவில்லை. இரயிலையும் ஆலையையும் இயக்கும் வலுவாகவே அவர் நீரைக் கண்டார்.

1924 அளவிலே ஆரம்ப வேலைகள் தொடங்கப்பட்டு, 1927 இல் நிறுத்தப்பட்டன. அதே 1927 இல் அரசாங்க மின்சாரப் பகுதி நிறுவப்பட்டது. 1929 இல் கொழும்புக்கு மின்சாரம் வழங்குவதற்காகக் கொலன்னாவையில் அக்காலத் தேசாதிபதி ஸ்ரான்லியின் பெயரால் ஒரு மின்நிலையம் திறக்கப்பட்டது. அதன் ஆற்றல் மூன்று மெகாவாற்று. அதுவும் கடல்கடந்து வந்த எரிபொருளையே எரித்தது. மலையிலிருந்து கடலுக்கு ஓடும் நீரை விட்டுவிட்டுக் கடலிலிருந்து எண்ணெயை ஏற்றும் இம்முறை, ஏற்றுமதிப் பயிரை விற்று அரிசி வாங்கும் முறையின் மறுபக்கமே. உள்ளூர் வளத்துக்கு முதல் வேண்டும். இறக்குமதிக்கு ஆண்டுச் செலவு போதும். குடியேற்ற நாட்டுக் கணக்குப் புத்தகம் இரண்டாவதையே எப்போதும் விரும்பிற்று.

ஓய்வு பெற்ற பொறியியலாளர் 1931 இலே இரத்தினபுரித் தொகுதி உறுப்பினராக அரசாங்க சபைக்குள் வந்தார். பகுதிக் கோவைகளுக்குள் புதைந்து கிடந்த திட்டத்தை மக்கள் பிரதிநிதியாகச் சபையில் எழுப்பலாம் என்பதே அவரது நோக்கமாயிருந்தது. ஆனால் காலம் மந்தக் காலம். திட்டத்துக்கு எதிரான வாதம் ஒரு வளையமாகவே சுழன்றது: பெருந்தொகை மின்சாரத்தை வாங்குவதற்கு நாட்டிலே தொழிற்சாலை இல்லை; ஆகவே மின்நிலையம் நட்டமாகும். தொழிற்சாலை ஏன் இல்லையெனின், மலிவான மின்வலு இல்லை. தேயிலைத் தொழிற்சாலைகளோ தத்தம் சொந்த இயந்திரங்களைக் கொண்டு தம் காரியத்தை முடித்துக்கொண்டன. எவராவது துணிந்து முதலிட்டாலன்றி இவ்வளையம் உடையாது. தனியார் முதல் தோட்டத்தை விட்டு வெளியே வர விரும்பவில்லை. அரசாங்க முதலாயின், அது இலண்டனிலே பெறப்படவேண்டிய கடன். அதற்குக் குடியேற்ற நாட்டுச் செயலாளரின் அனுமதி வேண்டும். சபையின் ஒரு குழு தானாகச் செய்யக்கூடிய காரியமாக அது இருக்கவில்லை.

ஒருமுறை தொடங்கிய பின்னும் மின்நிலையத்தைப் பாதியிலே நிறுத்திப் பாதிப் பயன் பெறல் இயலாது. அணையும் சுரங்கமும் குழாயும் சுழலியும் ஒருங்கே முடிந்தால்தான் முதல் அலகு மின்சாரம் பிறக்கும். ஐம்பது தொகுதி உறுப்பினருள் நாற்பத்தெட்டுப் பேருக்கு அதிலே தம் தொகுதிக்குக் காட்டக்கூடியது ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் அப்படியன்று. ஒவ்வோராண்டும் மதிப்பீட்டிலே சில பாடசாலைகளைக் கூட்டலாம். ஒவ்வோர் உறுப்பினரும் தம் ஊருக்கு ஒரு கட்டடம் கேட்கலாம். கூரை ஏறுமுன்பே பிள்ளைகள் மரநிழலில் எழுதத் தொடங்கிவிடுவர். சர்வசன வாக்குரிமையின் கீழே இவ்வேற்றுமை தீர்க்கமானது. 1936 இன் பின் ஜோன் கொத்தலாவலை போக்குவரத்து, பொதுவேலை அமைச்சராகித் திட்டத்தை மீண்டும் கையிலெடுத்தார். வேலை தொடங்கும் தறுவாயிலே உலக யுத்தம் மூண்டு இயந்திரங்களின் வரவைத் தடுத்தது.

கல்வி அமைச்சர் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1931 முதல் 1947 வரை இடையறாது அப்பதவியை வகித்தவர். பதினாறு ஆண்டுகள் ஒரே அமைச்சு ஒரே கையில் இருந்தமையே அதன் வெற்றிக்கு ஒரு காரணம். அவர் பொறுப்பேற்றபோது நாட்டிலே இருவகைக் கல்வி இருந்தது. சிங்களமும் தமிழும் கற்பித்த பாடசாலைகளிலே கட்டணம் இல்லை. அவற்றின் முடிவு பெரும்பாலும் கிராமத்து ஆசிரியத் தொழில். ஆங்கிலப் பாடசாலைகளிலே கட்டணம் உண்டு. அவற்றின் முடிவு அரசாங்க உத்தியோகம், வைத்தியம், சட்டம். ஆங்கிலப் பாடசாலைக்குச் சென்றோர் மாணவருள் மிகச் சிறு பங்கினரே. ஆதலால் பாடசாலைக் கட்டணம் என்பது வெறும் பண விடயமன்று. ஆளும் வகுப்பின் வாயிற்கதவு.

அமைச்சர் தொடக்கத்திலே முயன்றது கிராமத்துக்கேற்ற கல்வி. ஹந்தெஸ்ஸைத் திட்டம் என வழங்கிய கிராமக் கல்வி முறை, பயிரையும் கைத்தொழிலையும் ஊர்ச் சுகாதாரத்தையும் பாடங்களோடு இணைத்தது. கல்வியியலார் அதனைப் புகழ்ந்தனர், பெற்றோர் புகழவில்லை. தம் பிள்ளை உழவேண்டுமாயின் அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்பது அவர்தம் எண்ணம். கொழும்பிலே ஆங்கிலமும் கிராமத்திலே மண்வெட்டியும் என்று பங்கிடப்பட்ட நாட்டிலே அவ்வெண்ணத்தைப் பிழையென்று சொல்லல் எளிதன்று. மத்திய பாடசாலைகளை இவர் 1940 களில் நிறுவத் தொடங்கியபோது நிலைமை முற்றும் வேறாயிருந்தது. ஆய்வுகூடமும் விடுதியும் ஆங்கிலமும் கொண்ட, நகரக் கல்லூரியை ஒத்த பாடசாலை நாட்டுப்புறத்துக்கே வந்தது. ஐந்தாம் வகுப்பிற் புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளை அங்கே தங்கிக் கற்கலாம். சில ஆண்டுகளிலே அவை ஐம்பதைத் தாண்டின. கிழக்கிலே வந்தாறுமூலையில் எழுந்த மத்திய கல்லூரியின் வளவிலேயே 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று என்பது அவ்விதைப்பின் நீளத்தைக் காட்டும்.

1940 இல் நியமிக்கப்பட்ட விசேட கல்விக் குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. முழுக் கல்வியையும் இலவசமாக்கும் பிரேரணையை அக்குழுவினுள்ளே முன்வைத்தவர் ஏ. ரத்நாயக்கா. 1944 மே மாத இறுதியில் அமைச்சர் அறிக்கையைச் சபையில் முன்மொழிந்தார். எதிர்ப்பு மூன்று திசைகளிலிருந்து வந்தது. செலவை நினைத்து அஞ்சியோர் ஒரு சாரார். கட்டணமும் அரசாங்க உதவிப் பணமும் சேர்ந்தே தம் பாடசாலைகளை நடத்திவந்த சமய நிறுவனத்தார் இன்னொரு சாரார். எல்லாரும் கற்றால் வேலை செய்வார் யார் என்று மெல்லிய குரலிற் கேட்டோர் மூன்றாஞ் சாரார். இவர்கள் எண்ணிக்கையிற் குறைந்தவரெனினும் செல்வாக்கிற் குறைந்தவரல்லர். இவர்களின் கேள்வியின் உள்நோக்கம் இழிந்தது. ஆயினும் அதன் உள்ளே இன்னொரு நேரிய கேள்வி மறைந்து கிடந்தது: கற்றவர்க்கு வேலை தருவது எது? அக்கேள்வியைக் கேட்கவேண்டிய விதத்திலே கேட்டவர் சபையில் எவருமிலர்.

அதே மே மாதத்திலே இன்னொரு விவாதமும் நிகழ்ந்தது. சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை ஜே.ஆர். ஜயவர்த்தனா கொண்டுவர, திருகோணமலை–மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை முன்மொழிந்தார். திருத்திய பிரேரணை 27 வாக்குகளுடன் நிறைவேறியது; எதிர்த்து வாக்களித்தோர் இருவர். ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழியே போதனாமொழி என்பதும் இலவசக் கல்வியோடு சேர்ந்தே வந்தது. அன்று இருமொழிகளையும் ஏற்ற அதே தலைமுறையினர் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 1956 இல் என்ன செய்தனர் என்பது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

விசேட குழுவின் அறிக்கையை இன்று படிப்போர் கவனிக்கவேண்டிய பகுதி இலவசக் கல்வியைப் பற்றியதன்று. இடைநிலைக் கல்வியை மூவகையாக்க வேண்டும் என்று அவ்வறிக்கை கூறிற்று. மிகச் சிலர்க்குப் பல்கலைக்கழகத்தை நோக்கிய கல்வி. சிலர்க்கு வர்த்தகம் முதலியவற்றைத் தழுவிய கல்வி. மிகப் பலர்க்குச் செய்முறைத் தொழிற்கல்வி. இம்மூன்றாவது பகுதியே நடைமுறையில் உதிர்ந்துபோயிற்று. காரணம் பெற்றோரின் மூடத்தனம் என்று சொல்லல் வழக்கம், அது நியாயமன்று. தொழிற்கல்வி பெற்றவன் எந்தத் தொழிற்சாலையிலே வேலை செய்வான்? இலக்சபானாவின் நீர் அப்போதும் வீணே ஓடிக்கொண்டிருந்தது. காங்கேசன்துறையிலே சீமேந்து ஆலை 1950 இலேதான் உற்பத்தியைத் தொடங்கியது. வாழைச்சேனைக் கடதாசி ஆலை அதற்கும் பிந்தியது. ஆலையில்லாத நாட்டிலே ஆலைக்கான கல்வியைப் பெற்றோர் நிராகரித்தது அவர்தம் உலகியலறிவுக்குச் சான்று.

செலவுக்கு அஞ்சிய நிதித்துறை ஈற்றிலே எவ்வாறு இணங்கிற்று என்பதும் சிந்திக்கத்தக்கது. யுத்தம் இதற்கு எதிர்பாராத விடையளித்தது. மலாயா யப்பானியர் கைக்கு மாறிய பின் நேசநாடுகளுக்கு இலங்கை இறப்பர் இன்றியமையாததாயிற்று. திருகோணமலையிலும் கொழும்பிலும் படைகளின் செலவு பெருகிற்று. வாங்குதற்கு இறக்குமதிப் பொருளில்லாமையால் இலண்டனிலே இலங்கையின் ஸ்ரேலிங் இருப்புச் சேர்ந்தது. மந்தக் காலத்திலே முப்பதினாயிரம் ரூபாவுக்கு வாதிட்ட சபை இப்போது கோடிகளைப் பேசிற்று. ஆனால் யுத்தம் பணத்தைத் தந்ததேயன்றிச் சுழலிகளைத் தரவில்லை. ஐரோப்பாவின் இயந்திர ஆலைகள் படைக்கலம் செய்துகொண்டிருந்தன. ஆகவே செலவழிக்கக்கூடிய திசைகளிலே பணம் சென்றது: பாடசாலை, வைத்தியசாலை, அரிசி மானியம். இம்மூன்றும் பின்னாளிலே இலங்கையின் பெருமைகளாகப் பேசப்பட்டன, பெருமைக்குரியனவுமே. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே எழுத்தறிவுடையோர் நூற்றுக்கு 57.8 ஆகக் காணப்பட்டனர். அயல்நாடுகளோடு ஒப்பிடின் இது வியக்கத்தக்க எண்.

கன்னங்கரா தம் சட்டத்தை முழுமையாக்கியது 1947 இலே. அதே ஆண்டிலே மத்துகமைத் தொகுதியில் தோல்வியுற்றார். சமய நிறுவனப் பாடசாலைகள் இலவச முறையை ஏற்பதா, உதவிப் பணத்தைத் துறந்து கட்டணம் வாங்குவதா என்ற இழுபறி மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. 1960–61 இல் பெரும்பாலானவற்றை அரசாங்கம் சுவீகரித்ததோடு வேறுருப் பெற்றது.

இலக்சபானாவின் முதற் கட்டம் இருபத்தைந்து மெகாவாற்று ஆற்றலுடன் 1950 இல் தொடங்கியது. நோர்ற்றன் பிரிட்ஜ் அணை கெகல்கமு ஓயாவின் நீரைத் தடுத்துச் சுரங்கவழியே மின்நிலையத்துக்கு அனுப்பிற்று. விமலசுரேந்திரா அதனைக் காண உயிரோடிருந்தார். 1953 இல் மறைந்தார். 1965 இல் நோர்ற்றனிலே திறக்கப்பட்ட ஐம்பது மெகாவாற்று மின்நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மாஉசாகலை அணையும் பொல்பிட்டிய மின்நிலையமும் 1960 களின் இறுதியில் முடிவுற்றன. மின்வலு வந்தது, ஆனால் ஒரு தலைமுறை பிந்தி வந்தது. அத்தலைமுறைக்குள் இலவசக் கல்வியின் முதற் பிள்ளைகள் பாடசாலையை முடித்து வெளியே நின்றனர். 1942 இலே 904 மாணவருடன் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்து, புதிய பல்கலைக்கழகங்களையும் ஈன்று, 1960 களின் நடுவிலே நாட்டின் மாணவர் தொகையைப் பதினாயிரத்துக்கு மேல் உயர்த்திற்று. அவர்களுட் பெரும்பாலோர் கலைப்பீட மாணவர். கொழும்பா, கண்டியா என்று 1920 களில் தொடங்கி 1938 இலே பேராதனையென முடிந்த பல்கலைக்கழக இட விவாதத்திலே செலவழிந்த சொற்களிற் பத்திலொன்றாவது, அங்கே கற்போர் என்ன தொழில் செய்வர் என்னும் கேள்விக்குச் செலவிடப்பட்டதாகத் தெரியவில்லை.

1971 ஏப்ரல் கிளர்ச்சியிலே ஈடுபட்டோருள் இலவசக் கல்வியின் பிள்ளைகளே மிகப் பலர். அவ்வாண்டிலேயே டட்லி சீயேர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழிற் தாபனக் குழு, கற்றோரின் எதிர்பார்ப்பும் நாட்டிலுள்ள வேலைகளும் பொருந்தாமையையே பிரச்சினையின் மையமாகக் கண்டது. வைத்தியமும் பொறியியலுமே வாழ்வுக்கு வழியென்று எஞ்சியபோது, அவற்றிலுள்ள சொற்ப இடங்களுக்கான போட்டி இனங்களிடையேயான வழக்காக மாறியது. 1970 களின் தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் யாழ்ப்பாணத்து இளைஞனுக்குச் செய்தது என்ன என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. அக்கொள்கையின் அநீதியை அதனை வகுத்தோரே ஏற்கவேண்டும். ஆயினும் பங்கிடப்பட்ட அப்பமே அவ்வளவு சிறிதாயிருந்தமைக்கு வேர் அரசாங்க சபைக் காலத்திலேயே உண்டு.

இவ்விரு விவாதங்களுக்கும் வெளியே நின்றோர் ஒரு சாரார் உளர். கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் இறங்கிவரும் மலைச்சரிவுகள் தேயிலைத் தோட்டங்கள். அங்கே வாழ்ந்தோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். அட்டன் தொகுதியிலிருந்து 1931 இல் பெரி. சுந்தரமும் 1936 இல் கோ. நடேசய்யரும் சபைக்குச் சென்றனர். முன்னவர் முதற் சபையிலே தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் இருந்தார். நடேசய்யர் தொழிலாளரின் நிலையைச் சபையில் இடையறாது எழுப்பினார். ஆயினும் தோட்டப் பாடசாலைகள் 1907, 1920 ஆம் ஆண்டுகளின் சட்டங்களின்படி தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. ஓராசிரியர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அதுவும் பிள்ளை கொழுந்து கொய்யும் வயதை அடையும் வரை. மத்திய கல்லூரி அவர்கள் ஊருக்கு வரவில்லை. 1947 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கும் அரசாங்கப் பாடசாலை வேண்டும் என்றது. அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோர் இந்நாட்டவரல்லர் என்றது. வாக்கிழந்தோர்க்காக முன்னைய சட்டத்தை நிறைவேற்ற எவரும் அவசரப்படவில்லை.

மாஉசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரும் அதன் கோயிலும் நீருள் மூழ்கின. வறண்ட ஆண்டுகளிலே கோயிற் கட்டடம் இன்னும் வெளியே தெரிவதுண்டு. அந்நீரிற் பிறந்த மின்சாரம் கொழும்பை அடைந்த பின்னும் பல தசாப்தங்களாக இலயன் அறைகளில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கே. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை, தோட்டங்களே தேசியமயமாக்கப்பட்ட பின்னர், 1970 களின் பிற்பகுதியிலேதான் தொடங்கியது.